ஆறு நிமிஷ நடை

கையை நீட்டி வாங்கலையேன்னு தப்பா நினைக்காதீங்கக்கா, முழங்கை வரைக்கும் புளி. அந்தப் பேப்பரை இந்த முறத்து மேல வைங்க. இல்ல, அங்கே ஈரமா இருக்கு, உங்க மடியிலேயே இருக்கட்டும். நான் தட்டிக்கிட்டே பேசுறேன். நாலு மணிக்கு வியாபாரி வண்டி வந்துரும், இந்தக் குவியல் இன்னும் அப்படியே கிடக்கு. ஓடு உடைச்சாச்சு, நார் உரிச்சாச்சு, கொட்டை எடுக்கிறதுதான் பாக்கி. இந்தச் சுத்தியலால லேசா ஒரு தட்டு, கொட்டை தெறிச்சு வெளிய வந்துரும். பழக்கம் இல்லாதவங்க தட்டினா நகம்தான் வெளிய வரும். நத்தம் பக்கம் இந்தச் சீசன்ல எந்த வாசலுக்குப் போனாலும் இந்தச் சத்தம்தான்.

நீங்க வந்தது நல்லதாப் போச்சு. நல்லதுதானான்னும் தெரியல. காலையில இருந்து எனக்கு ஒரு இடத்துல இருப்பு கொள்ளல. ரெண்டு தடவை அடுப்பை அணைச்சிட்டேனான்னு போய்ப் பார்த்தேன், இன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல, பழைய சோறுதான்.

நீங்க பார்க்க வந்த என் மாமனார் உள்ளே தூங்குறார். மத்தியானம் படுத்தா மூணரை வரைக்கும் எழுப்பக் கூடாது. தட்டி எழுப்பினா நெஞ்சு படபடன்னு அடிக்கும், அடிச்சா நெஞ்சுல வச்ச வால்வு தேயும்னு சொல்வார். தூங்குறப்பதான் அது மெதுவா ஓடுதாம். மத்தவங்க அலுப்புக்குத் தூங்குவாங்க, எங்க மாமா வால்வுக்காகத் தூங்குறார்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா, ஆஸ்பத்திரியில இருந்து போன்லயே சொன்னாங்க. வால்வு வச்சு அஞ்சு வருஷம் ஆனவங்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிறீங்க. பத்துப் பன்னிரண்டு கேள்வி. அப்புறம் ஆறு நிமிஷம் நடக்க விட்டு, எவ்வளவு தூரம் போறாங்கன்னு அளந்து எழுதிக்குவீங்க. அதுக்குத்தான் அந்த டேப்பு. அவர் நடக்க மாட்டார்க்கா. இதை இப்பவே சொல்லிடுறேன், இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கீங்க. மதுரையில இருந்து நின்னுக்கிட்டேவா வந்தீங்க? தண்ணி குடிங்க, சொம்பு உங்களுக்குப் பின்னாடி இருக்கு.

நான் இவ்வளவு பேசுற ஆளே இல்ல. மாமா முன்னாடி நான் உட்காரக்கூட மாட்டேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுதான் பேச்சு. 'சோறு வைக்கவா மாமா', 'மாத்திரை மாமா', அவ்வளவுதான். அத்தை நான் வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க, நடுவுல நின்னு பேச வேற பொம்பளை இல்ல. நான் ஆறாம் கிளாஸோட நின்னவ. டாக்டர் மாதிரி ஆளுங்க கேள்வி கேட்டா எனக்குத் தலைதான் ஆடும், வாய் வராது. உங்ககிட்ட எப்படி வருதுன்னு தெரியல. பேசிட்டு நீங்க பஸ் ஏறிருவீங்க, அதனால இருக்கும்.

அந்த எட்டாவது கேள்வியை இன்னொரு தடவை படிங்க. 'நோயாளி துணையின்றித் தனியாக இருந்து அன்றாட வேலைகளைச் செய்துகொள்ள முடியுமா.' அதேதான். அதுலதான்க்கா என் பொழைப்பு தொங்கிக்கிட்டு இருக்கு.

என் மக தர்ஷிகாவோட அப்பா திருப்பூர்ல இருக்கார், பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். கல்யாணம் ஆனதுல இருந்து அவர் அங்கே, நான் இங்கே. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை வருவார், திங்கள் காலையில செருப்பைக் காணோம். அப்பா எங்கன்னு கேட்டா இவ போனைக் காட்டுறா. இப்ப அங்கே வீடு பார்த்திருக்கார். ஒரு ரூம்தான், ஆனா குழாய் உள்ளேயே இருக்காம். பக்கத்துலயே பள்ளிக்கூடம். ஜூன்ல சேர்க்கணும். என் நாத்தனார் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காங்க, மூணு வேளையும் சாப்பாடு கொடுத்து அனுப்புறேன்னு சொல்லியாச்சு. அவங்க மாமியாரும் படுக்கையில இருக்காங்க, அதனால இங்கே வந்து இருக்கவும் முடியாது, அப்பாவை அங்கே வச்சுக்கவும் முடியாது. திருப்பூருக்கு வாங்கன்னு கூப்பிட்டதுக்கு மாமா, 'ஒத்த ரூம்ல உங்க கால்ல நான் மிதிபடவா'ன்னு கேட்டுட்டார். எல்லாம் பேசியாச்சு, கடைசியில இவ அப்பா என்ன சொல்லிட்டார்னா, 'நான் கூட்டிட்டுப் போனா அக்கா சண்டைக்கு வரும், நீயா கிளம்பினா ஊரு பேசும். ஆஸ்பத்திரியில இருந்து வர்றாங்கள்ல, அவங்க எழுதுறதுதான். தனியா இருக்கலாம்னு எழுதிட்டா புள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு. இல்லைன்னா இந்த வருஷமும் இல்ல'ன்னு.

ஆம்பளை எவ்வளவு சுலபமா சொல்லிட்டார் பாருங்க. எழுதுறது நீங்க, சொல்றது நான்.

இருங்க, இதுல பூச்சி இருக்கு. வியாபாரி கண்ணுல பட்டா மூட்டையே வேண்டாம்பார்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இவ என் வயித்துல மூணு மாசம். அப்ப மாமா நாலு எட்டு வச்சா நின்னு சுவரைப் பிடிப்பார். நெஞ்சைத் திறக்காமலே செய்யலாம்னு சொன்னாங்க. தொடையில சின்ன ஓட்டை போட்டு, குழாயை நெஞ்சு வரைக்கும் விட்டு, சுருக்கி வச்ச வால்வை உள்ளே கொண்டுபோய் விரிச்சு விட்டாங்க, மடக்குக் குடை மாதிரி. நாலாம் நாள் வீட்டுக்கு விட்டாங்க. அது என்னமோ மந்திரம் மாதிரித்தான் இருந்தது. வீட்டுக்கு அனுப்புறப்ப டாக்டர்கிட்ட மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'இது எத்தனை வருஷம் ஓடும் சார்?' டாக்டர் சிரிச்சுக்கிட்டே, 'பத்து வருஷம்னு வச்சுக்குங்களேன், கூடவும் ஓடலாம். ஒரு நாளைக்கு லட்சம் தடவை திறந்து மூடுதுல்ல'ன்னார்.

அவர் பேச்சுவாக்குல சொன்னார். கேட்டது யாரு? கவர்மென்ட் பஸ் டிப்போவுல முப்பத்தோரு வருஷம் மெக்கானிக்கா இருந்தவர். வர்ற வழியிலேயே ஆரம்பிச்சுட்டார். 'எந்தப் பார்ட்டும் தேதிக்குத் தேயாதுத்தா, ஓட்டத்துக்குத்தான் தேயும். ஷெட்டுல நிக்கிற வண்டிக்கு எவனாச்சும் பிரேக் கட்டை மாத்துவானா?' வண்டியில எல்லாரும் இருக்காங்க, நான் என்னத்தைச் சொல்ல. ஆமா மாமான்னு தலையாட்டினேன்.

அன்னைக்குப் படுத்த கட்டில்தான்க்கா. வாசலுக்கு நேரா போட்டிருப்பார், உள்ளே பாருங்க. தண்ணி கைக்கு வரணும், செய்தித்தாள் கைக்கு வரணும். கொல்லைப்பக்கம் போறது வர்றது, அப்பல்லாம் வாசல்ல கொஞ்சம் நிக்கிறது, அதுக்கு மேல ஓரடி கிடையாது. சிரிப்பு வந்தாக்கூட அடக்கிக்குவார். டிவியில சண்டை வந்தா மாத்தச் சொல்வார். காலு ரெண்டும் முருங்கைக்காய் மாதிரி ஆயிருச்சு. இவளை மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டார். இவ ஏறி நெஞ்சு மேலயே படுத்துக்குவா. காதை வச்சு, தாத்தா நெஞ்சு அடிக்கிறதை ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே கிடப்பா. அப்படித்தான் நூறு வரைக்கும் எண்ணப் படிச்சா. முப்பதுக்கு அப்புறம் நாற்பத்தொண்ணுக்குத் தாவிருவா, 'திருட்டுக் கணக்கு எழுதாதடி'ம்பார். இதையெல்லாம் நான் உள்ளே இருந்து கேட்டுக்கிட்டு இருப்பேன்.

நானும் நம்பினேன். ஏன்னா பக்கத்துப் பெட்டுல மேலூர் வாத்தியார் ஒருத்தர் இருந்தாரு, அதே வாரம் அவருக்கும் வச்சாங்க. அவர் காலையும் மாலையும் கைத்தடியைச் சுழட்டிக்கிட்டு நடப்பாராம். ரெண்டாவது வருஷமே போயிட்டார். சேதி வந்தப்ப மாமா செய்தித்தாளை மடிச்சு வச்சார். அப்புறம், 'ஓட்டித் தேச்சுட்டாரு'ன்னார். அதுக்கப்புறம் வாசல்ல நிக்கிறதும் நின்னுபோச்சு.

உங்க பட்டியல்ல அவர் பேரும் இருக்கா? அவருக்குக் கிட்னியாலதானா? அப்படியா. அதே வாரம் வச்சவங்க இன்னும் எத்தனை பேரு... சரி, சொல்லக் கூடாதுன்னா வேண்டாம். உங்க முகத்துலயே தெரியுது.

தேனிக்கார அம்மா ஒருத்தங்க இருந்தாங்களே, வாயாடி? இருக்காங்களா? பேத்தி கல்யாணத்துல ஆடினாங்களா? நல்லா ஆடட்டும்.

அக்கா, இப்ப ஒண்ணு சொல்வேன், எழுதக் கூடாது. பேனாவை மூடுங்க. மூடிட்டீங்களா.

போன மாசி மாசம். இதே மாதிரி மத்தியானம், தெருவுல ஈ காக்கா இல்ல. வியாபாரியோட குட்டியானை வண்டி வந்து நின்னுருச்சு. நான் மூட்டையைத் தராசுல ஏத்திப் பிடிச்சிருக்கேன். டிரைவர் வண்டியைத் திருப்ப பின்னாடி எடுக்கிறான். பார்க்காம எடுக்கிறான். இவ வண்டிக்குப் பின்னாடி குத்தவச்சு, சிந்தின கொட்டையைப் பொறுக்கிக்கிட்டு இருக்கா. எனக்குக் கண்ணு பார்க்குது. கை மூட்டையில இருக்கு. வாய் வரலைக்கா. பெத்தவ நான், ஏய்னு ஒரு சத்தம் போட எனக்கு வரல.

மாமா கட்டில்ல இருந்து எழுந்ததை நான் பார்க்கல. ஓடுறதைத்தான் பார்த்தேன். வேட்டியை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, வெறுங்காலோட, எண்பது தாண்டின ஆளு. போற போக்குல வண்டி பக்கத்துத் தகரத்துல ஓங்கி ரெண்டு அடி. அவன் பிரேக் போடுறதுக்குள்ள இவளை ஒரு கையால வாரி எடுத்துட்டார். இந்த வாசல்ல இருந்து அந்தத் தண்ணித் தொட்டி வரைக்கும். உங்க டேப்பை வச்சு நீங்களே அளந்து பாருங்க. அப்புறம் அந்த டிரைவரைத் திட்டினார் பாருங்க, முப்பத்தோரு வருஷ டிப்போ பேச்சு எல்லாம் அன்னைக்குத்தான் என் காதுல விழுந்தது. 'கண்ணாடி எதுக்குடா வச்சிருக்கு, மூஞ்சி பார்த்து பவுடர் போடவா'ன்னு தொடங்கி, அதுக்கப்புறம் வந்ததை நான் சொல்ல மாட்டேன். மூச்சு விடாம திட்டினார். மூச்சு வாங்கவே இல்ல. ராத்திரி இவளைத் தட்டிக் கொடுக்கிறப்பதான் அது எனக்கு உறைச்சுது.

இவளை இறக்கி என் கையில கொடுத்துட்டு வந்து கட்டில்ல உட்கார்ந்தார். மணிக்கட்டுல ரெண்டு விரலை வச்சுக்கிட்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். கடிகாரத்துல இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார், 'இதை யாருகிட்டயும் சொல்லாதத்தா. உன் புருஷன்கிட்டயும்.' சரி மாமான்னேன். ஏன்னு கேட்கல. என் புள்ளைக்காக எத்தனை மாச வால்வைச் செலவழிச்சாரோன்னுதான் எனக்கு ஓடிச்சு. அன்னையில இருந்து அவருக்கு முட்டை தினமும் வைக்கிறேன். முட்டை வச்சு வால்வைத் திருப்பிக் கொடுக்க முடியுமான்னு கேட்டா, எனக்கு வேற என்ன தெரியும்.

அந்தக் கணக்கு சித்திரையில வந்து நின்னுதுக்கா. திருப்பூர்ல வீடு கிடைச்சிருச்சுன்னு இவ அப்பா போன் பண்ணினார். ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினோம், மாமாவும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார், 'நல்லது நல்லது, புள்ள படிக்கட்டும்'னார். அந்த வாரமே அவருக்கு முடியாம போச்சு. என் ராசி அப்படி. எழுந்தா கை நடுங்குது. கொல்லைப்பக்கம் போகக்கூட பிடிச்சுக்கச் சொல்றார். அதுவரைக்கும் என் கை அவர் மேல பட்டதே இல்ல, இப்ப தோளைக் கொடுத்துக் கூட்டிட்டுப் போறேன். சாப்பாட்டுல பாதி அப்படியே இருக்கு. நாத்தனார் வந்து, 'சோறு சரியா வைக்கிறியா'ன்னு கேட்டாங்க. நான் என்னன்னு சொல்வேன். ஓடினதைச் சொல்லக் கூடாது. மனசுக்குள்ள மட்டும், மாசி மாசத்து ஓட்டம் இப்பதான் வேலையைக் காட்டுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

என்ன? திரும்பச் சொல்லுங்க.

ஓடினா தேயாதா?

கொஞ்சம்கூடவா? நடந்தா நல்லதா? இது அப்படிப்பட்ட தேய்மானம் இல்லையா? படுத்தே கிடந்தாதான் கெடுதலா?

ஸ்... ஒண்ணும் இல்லைக்கா, விரல்ல பட்டிருச்சு. இவ்வளவு வருஷத்துல பட்டதே இல்ல. விடுங்க, நகம் இருக்கு.

இல்ல, நான் கூடப் போனதில்ல, வருஷா வருஷம் எக்கோ ஸ்கேன் எடுக்க நாத்தனார் வீட்டுக்காரர்தான் கார் வச்சுக் கூட்டிட்டுப் போவார். நான் புள்ளையோட வீட்டுல. வந்ததும் மாமாவே சொல்வார், 'நல்லா இருக்காம், இப்படியே இருக்கச் சொல்லிட்டாங்க'ன்னு. உங்க பைலைக் காட்டுங்க. இங்கிலீஷ்லல்ல இருக்கு, நீங்களே படிங்க. ஒவ்வொரு வருஷமுமா? தினமும் நடக்கணும்னு ஒவ்வொரு வருஷமும் எழுதியிருக்கா? போன மாசம் எடுத்ததுலயும் வால்வு நல்லா இருக்கா? போன மாசம்னா சித்திரை. கை நடுங்க ஆரம்பிச்ச பிறகு எடுத்தது.

அப்படின்னா அந்த ஓட்டத்துல ஒண்ணும் குறையல. ஒரு மாசம்கூட. அக்கா, நான் இதை நினைச்சு எத்தனை நாள் சோறு இறங்காம... சரி. ஒண்ணும் குறையல. அது போதும்.

அப்ப இந்த அஞ்சு வருஷம்? நான் சொம்பு சொம்பா நீட்டினது? எங்க அம்மாவுக்குக் கண்ணுல ஆபரேஷன் செஞ்சப்ப நான் காலையில போய் மத்தியானமே ஓடி வந்தேன், இவரைத் தனியா விடக் கூடாதுன்னு. தங்கச்சி வளைகாப்புக்கு வளையல் போடுறதுக்கு முன்னாடியே கிளம்பினேன். கோவம் இல்லைக்கா. கோவப்பட எனக்கு வராது. ஒரு வளையலாச்சும் போட்டுட்டு வந்திருக்கலாம், அவ்வளவுதான்.

வால்வு நல்லா இருக்குன்னா கை எதுக்கு நடுங்குது? சோறு எதுக்கு இறங்கல? நீங்க ஏன் என்னையே பார்க்கிறீங்க? தெரியாமத்தானே கேட்கிறேன். நான் ஒரு குறையும் வைக்கலைக்கா. இனிமேயும் அவருக்கு ஒரு குறையும் இருக்காது. நாத்தனார் சாப்பாடு அனுப்புவாங்க, டிவி இருக்கு, போன் இருக்கு, வாசல்ல போறவங்க வர்றவங்க இருக்காங்க. பக்கத்து வீட்டுல இருந்து தர்ஷிகா சத்தம் கேட்குதா, எப்படிக் கத்துறா பாருங்க, இந்தச் சத்தமும் இருக்காது, நிம்மதியாத் தூங்கலாம். பிறகென்ன கவலை ஒரு மனுஷனுக்கு.

வயசானவங்களுக்கு வேற மாதிரியும் முடியாமப் போகுமா? மனசுக்குன்னா? அவர் மெக்கானிக்குக்கா, அவருக்கு அதெல்லாம் கிடையாது. ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்லையே.

பேனாவைத் திறங்க.

நான் என்ன சொல்றேனோ அதைத்தான் எழுதுவீங்களா? நீங்களா பார்த்து எழுத மாட்டீங்களா? நடந்தாத்தான் பார்த்து எழுதலாமா. அவர் நடக்க மாட்டாரே. அப்ப நான் சொல்றதுதான். முடியும்னு சொன்னா எப்படித் தெரியும்னு கேட்பீங்க, ஓடினதைச் சொல்லணும். அதை மூணு மாசமா என் புருஷன்கிட்டகூட சொல்லாம வச்சிருக்கேன், என் புள்ளை உயிரோட இருக்கிறதுக்கு அவர் கேட்டது அந்த ஒண்ணுதான். முடியாதுன்னு சொன்னா இவ போன்லயே அப்பாவைப் பார்த்துக்கிட்டு வளருவா, நான் இந்தப் புளியைத் தட்டிக்கிட்டே... இல்ல, புளி பாவம், புளியை ஏன் சொல்றேன்.

ரெண்டும் இல்லாம நடுவுல ஒரு கட்டம் இல்லையாக்கா அதுல? முடியும், ஆனா... ஆனா போடக் கூடாதா. ஆமா, இல்லை, ரெண்டே ரெண்டு.

சரி. எழுதுங்க. எட்டாவதுக்கு ஆமான்னு போடுங்க. இருங்க, வைக்காதீங்க. அந்தத் தண்ணித் தொட்டியைப் பத்தி மட்டும் எழுதாம, ஆமான்னு மட்டும், வெறும் ஆமா...

'ஏத்தா.'

எழுந்துட்டார். மணி மூணுகூட ஆகலையே, தூங்கவே இல்லையா.

'ஏத்தா, என் செருப்பை எங்க வச்சிருக்க? அந்த வெள்ளைச் சட்டையையும் எடு. அந்த நர்ஸம்மா எவ்வளவு நேரம் வெயில்ல உட்கார்ந்திருக்கும், அதுக்கும் பஸ்ஸு இருக்குல்ல.'

வர்றேன் மாமா. செருப்பு எதுக்குன்னு தெரியலைக்கா, கொல்லைப்பக்கம் வெறுங்காலோடதான் போவார், அதை எக்கோவுக்குப் போறப்ப மட்டும்தான் எடுக்கிறது, பரண்ல கிடக்கு. இந்தா வந்துட்டேன் மாமா, நீங்களா எழுந்திருக்காதீங்க, நான் வந்து பிடிச்சுக்கிறேன். நீங்க ஏன்க்கா எழுந்திருக்கிறீங்க, டேப்பை எதுக்கு எடுக்கிறீங்க, அவர் நடக்க மாட்டார்னு சொன்னேன்ல, கையைக் கழுவிட்டு ஒரே நிமிஷத்துல வந்துடுறேன், அதுவரைக்கும் அந்த எட்டாவது கேள்வியில நீங்க...